தரையைத் தொட நினைத்த கார்கள் - குட்டை ஸ்ட்ரட்டின் கதை

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. கரும்பு ஏற்றிய டிராக்டர், டவுன் பஸ், பைக், இடையில் புகுந்து போகும் ஆடுகள்... இவைதான் அந்தச் சாலையின் வழக்கமான போக்குவரத்து. அதில் உயரத்தைக் குறைத்த கார் ஒன்று வந்தால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வேகத்தடை வரும் வரை!

வேகத்தடை வந்ததும் அந்தக் கார் நேராக ஏறாது. கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி, அப்படியும் அடிவயிறு உரசி 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் போகும். பின்னால் வரும் டவுன் பஸ் டிரைவர் பொறுமை இழந்து ஹாரன் அடிப்பார்.

இப்படி ஓட்டுவதற்கு எதற்கு ஒருவர் செலவு செய்து காரின் உயரத்தைக் குறைக்க வேண்டும்? பேஷன் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்தப் பேஷனுக்குப் பின்னால் எழுபது வருடத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அது அமெரிக்காவில் கைவிடப்பட்ட ஒரு கார் திட்டத்தில் ஆரம்பித்து, இங்கிலாந்தின் ரேஸ் மைதானங்கள் வழியாக, சென்னைக்கு வடக்கே சோழவரத்துக்கும் கோயம்புத்தூர் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்த கதை. அந்தக் கதையின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு உதிரி பாகம். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 'ஸ்ட்ரட்'.

உயரம் குறைந்தால் என்ன லாபம்?

வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. பஸ் வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்கிறார்களே, அதே விஷயம்தான். உள்பக்க டயர்கள் லேசாகின்றன, வெளிப்பக்க டயர்கள் எல்லாப் பாரத்தையும் சுமக்கின்றன. ஒரு டயரின் மேல் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடுகிறது. எனவே பாரம் நான்கு டயர்களிலும் எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மொத்தப் பிடிப்பு அதிகம்.

இப்படி மாறும் எடை மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம், இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு அகலம், காரின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம். எடை மையம் 500 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு காரை 50 மில்லிமீட்டர் இறக்கினால், இடம் மாறும் எடை பத்தில் ஒரு பங்கு குறையும். ரேஸில் ஒரு சுற்றுக்கு அரை வினாடி கிடைத்தாலே பெரிய விஷயம். எனவே உலகத்தில் எங்கே கார் ரேஸ் நடந்தாலும் முதலில் நடக்கும் வேலை காரை இறக்குவதுதான்.

இறக்குவதற்குச் சுலபமான வழி ஸ்பிரிங்கை மாற்றுவது. இன்னும் சுலபமான, மிக மோசமான வழி, இருக்கும் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டி எடுத்துவிடுவது. இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சிக்கல் புரிய வேண்டுமென்றால் ஸ்ட்ரட் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

மெக்ஃபர்சன் என்ற மனிதர்

ஏர்ல் மெக்ஃபர்சன் 1891-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த பொறியாளர். இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'செவர்லே கேடட்' என்ற பெயரில் மலிவான சிறிய கார் ஒன்றைக் கொண்டுவரத் திட்டமிட்டது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் இவர்தான். எடை குறைவாக, விலை குறைவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அதுவரை நல்ல கார்களின் முன்பக்க சஸ்பென்ஷனில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஸ்பிரிங், தனியாக ஒரு ஷாக் அப்சார்பர் என்று பல பாகங்கள் இருந்தன. மெக்ஃபர்சன் இதைச் சுருக்கினார். மேல் கையை எடுத்துவிட்டார். ஷாக் அப்சார்பரையே தடிமனான ஒரு தூணாக மாற்றி, அதன் மேல் முனையை காரின் பாடியிலும் கீழ் முனையைச் சக்கரத்தைத் தாங்கும் பாகத்திலும் பொருத்தினார். ஸ்பிரிங்கை அந்தத் தூணைச் சுற்றியே உட்கார வைத்தார். கீழே ஒரே ஒரு கை போதும். இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தைச் சேர்ந்த குய்டோ ஃபோர்னாகா 1920-களிலேயே இதே மாதிரியான யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் லட்சக்கணக்கில் தயாரிக்கக்கூடிய வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் மெக்ஃபர்சன்தான்.

1947-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கேடட் திட்டத்தைக் கைவிட்டது. சிறிய காரில் லாபம் வராது என்பது அவர்கள் கணக்கு. அதே வருடம் மெக்ஃபர்சன் போட்டி நிறுவனமான ஃபோர்டுக்குப் போனார். அவருடைய ஸ்ட்ரட் முதலில் பிரான்ஸில் ஃபோர்டு வெடெட் காரிலும், பிறகு 1950-ல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களிலும் வந்தது. ஒரு நிறுவனம் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை அடுத்த நிறுவனம் எடுத்துக்கொண்டது!

இன்றைக்குச் சாலையில் ஓடும் சாதாரண கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் அவருடைய ஸ்ட்ரட்தான் இருக்கிறது. பாகங்கள் குறைவு, இடம் குறைவு, செலவு குறைவு. அதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய முறையில் ஷாக் அப்சார்பர் என்பது ஒரு துணைப் பாகம். அதைக் கழற்றிப் போட்டாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். மெக்ஃபர்சன் முறையில் ஷாக் அப்சார்பர்தான் தூணே. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு மேலே போகலாம், எவ்வளவு கீழே தொங்கலாம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். எனவே இங்கே ஸ்பிரிங்கை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை அப்படியே விட முடியாது.

கார்ட்டினா காட்டிய வழி

இதை முதலில் சரியாகக் கணக்குப் போட்டுச் செய்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய காலின் சாப்மன். எடையைக் குறைப்பதில் வெறி கொண்டவர் என்று பெயர் எடுத்தவர். மெக்ஃபர்சன் யோசனை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், அதே மாதிரி ஒன்றைப் பின் சக்கரங்களுக்கும் செய்தார். அதற்குச் 'சாப்மன் ஸ்ட்ரட்' என்றே பெயர் வந்தது.

1963 ஜனவரியில் ஃபோர்டும் லோட்டஸும் சேர்ந்து 'லோட்டஸ் கார்ட்டினா' என்ற காரை அறிவித்தன. கார்ட்டினா என்பது இங்கிலாந்தில் குடும்பங்கள் வாங்கும் சாதாரண கார். அதில் 1558 சிசி ட்வின் கேம் இன்ஜினை வைத்து, கதவுகளையும் மூடிகளையும் அலுமினியத்தில் செய்து, உயரத்தைக் குறைத்தார்கள். போட்டி விதிகளின்படி அங்கீகாரம் கிடைக்க 1000 கார்கள் தயாரிக்க வேண்டியிருந்தது.

பின்பக்கத்தை சாப்மன் தலைகீழாக மாற்றினார். லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் வைத்தார். அது தொல்லை கொடுத்ததால் 1965-ல் மறுபடி பட்டைக்கே திரும்ப வேண்டி வந்தது. ஆனால் முன்பக்கத்தில் அவர் செய்த மாற்றம் மிகச் சிறியது. அதே மெக்ஃபர்சன் அமைப்பு, ஆனால் நீளம் குறைந்த ஸ்ட்ரட், உறுதியான கீழ்க் கை. அவ்வளவுதான். அது தொல்லை எதுவும் கொடுக்கவில்லை.

1964-ல் ஜிம் கிளார்க் இந்தக் காரை ஓட்டி பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை வென்றார். அந்தக் காலப் புகைப்படங்களில் கார்ட்டினா வளைவில் திரும்பும்போது உள்பக்க முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கி நிற்பதைப் பார்க்கலாம். முன்பக்கத்தை அவ்வளவு விறைப்பாக வைத்திருந்தார்கள்.

ஆக, காரை இறக்கினால் ஸ்ட்ரட்டையும் குட்டையாக்க வேண்டும் என்ற பாடம் 1963-லேயே எழுதப்பட்டுவிட்டது. அது தமிழ்நாட்டுக்கு வந்து சேர இன்னும் இருபது வருடம் ஆனது. அதற்குக் காரணம் பொறியியல் இல்லை, பொருளாதாரம்.

சோழவரம்: கிடைத்ததை வைத்து ஓட்டியவர்கள்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அந்த ஓடுபாதைதான் தென்னிந்திய மோட்டார் ரேஸின் தாய்வீடாக மாறியது. 1980-களின் கடைசி வரை சோழவரம் ரேஸ் என்றால் சென்னைக்கே ஒரு திருவிழா.

அதே காலகட்டத்தில் இந்தியாவின் கார் தொழிலில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் உதிரி பாகங்களைக் கொண்டுவந்து கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த வெளிநாட்டு நிறுவனங்களிடம், இங்கேயே தயாரிக்கும் திட்டம் இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் கிளம்புங்கள் என்று 1953-ல் மத்திய அரசு சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டை உலகத்துக்குக் கொடுத்த நிறுவனம், அது பரவ ஆரம்பித்த அதே நேரத்தில் இந்தியாவை விட்டுப் போனது.

மிஞ்சியது மூன்று கார்கள். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், பம்பாயில் தயாரான ஃபியட் (பிற்பாடு பிரீமியர் பத்மினி), நம்ம ஊரில் வண்டலூர் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றிலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் கிடையாது. அம்பாசடரின் முன்பக்கம் 'டார்ஷன் பார்' என்ற முறுக்குக் கம்பி. ஃபியட்டிலும் ஹெரால்டிலும் மேலும் கீழும் கைகள் வைத்த பழைய அமைப்பு.

சோழவரத்தில் பல வருடம் மக்கள் பார்த்ததெல்லாம் இந்தக் கார்களின் உருமாறிய வடிவங்களைத்தான். பின் சீட்டைக் கழற்றிப் போட்டு, பம்பரைக் கழற்றிப் போட்டு, உயரத்தைக் குறைத்து ஓட்டினார்கள். அம்பாசடரை இறக்க ஸ்பிரிங்கை வெட்டவே வேண்டாம். முறுக்குக் கம்பியின் பல்லைக் கழற்றி, இரண்டு பல் தள்ளி மாட்டினால் கார் இறங்கிவிடும். ஃபியட்டுக்கு ஸ்பிரிங் வேலை. ஹெரால்டில் பின்பக்கம் கொஞ்சம் ஆபத்தானது. அதன் பின் சக்கரங்கள் ஊஞ்சல் மாதிரி ஆடும் அச்சில் இருந்ததால், வேகமாகத் திரும்பும்போது சக்கரம் உள்பக்கமாக மடங்கிவிடும் பயம் உண்டு. காரை இறக்கினால் அந்த ஆபத்து குறையும். எனவே ஹெரால்டு ஓட்டியவர்களுக்கு உயரம் குறைப்பது அழகுக்காக இல்லை, உயிருக்காக.

இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டு உதிரி பாகம் எதுவும் வராத காலம் அது. வசதி படைத்த சிலரிடம் மட்டும் வெளிநாட்டு ரேஸ் கார்கள் இருந்தன. 1980-களின் ஆரம்பத்தில் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார். மற்றவர்களுக்கு லேத் பட்டறையும் வெல்டிங் கம்பியும்தான் துணை. வாங்க முடியாததைச் செய்துகொள்ள வேண்டும். இந்தப் பழக்கம்தான் பின்னால் பெரிய சொத்தாக ஆனது.

மாருதியோடு வந்த ஸ்ட்ரட்

1983 டிசம்பர் 14. மாருதி 800 அறிமுகமானது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம். விலை சுமார் 50,000 ரூபாய். இதன் வரலாற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் முன் பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரியும் அந்த வட்டமான மேடைகளைப் பற்றி அதிகம் பேர் எழுதியதில்லை. அவைதான் ஸ்ட்ரட்டின் மேல் முனைகள். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இந்திய நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்குப் பெருமளவில் வந்தது மாருதியோடுதான்.

ரேஸ் ஓட்டுபவர்களும் உடனே மாருதிக்கு மாறினார்கள். எடை குறைவு, உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். பின்னர் 1993-ல் ஜென், 1994-ல் எஸ்டீம் வந்தன. எஸ்டீம் பல வருடம் இந்திய ரேஸ், ராலி இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தது. எல்லாவற்றுக்கும் முன்பக்கம் ஸ்ட்ரட்தான்.

பழைய ஃபியட் பாடம் இங்கே செல்லவில்லை. ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய மாருதி, வளைவில் முன்னைவிட மோசமாக நடந்துகொண்டது. ஏன்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். (புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், எந்தக் குறிப்பிட்ட காருடைய அளவும் இல்லை.) ஒரு ஸ்ட்ரட்டின் தண்டு மொத்தம் 160 மில்லிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். கார் சும்மா நிற்கும்போது தண்டு நடுவில் இருக்கிறது. அதாவது மேடு வந்தால் சக்கரம் மேலே போக 80, பள்ளம் வந்தால் கீழே தொங்க 80. வரவும் செலவும் சரியாக இருக்கும் ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி.

இப்போது ஸ்பிரிங்கை மட்டும் வெட்டி காரை 50 மில்லிமீட்டர் இறக்குகிறோம். மேலே போக மிச்சம் 30. கீழே தொங்க 130. மொத்தம் அதே 160 தான், ஆனால் தேவையான பக்கம் காலியாகிவிட்டது. வேகமாக ஒரு வளைவில் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் அந்த 30-ஐ ஒரு நொடியில் தின்றுவிட்டு, கடைசியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டிக்கொள்ளும். முட்டிய நிமிடத்தில் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. டயர் வழுக்கும், ஸ்டீயரிங் திருப்பினாலும் கார் நேராகப் போகும். இன்னொரு பக்கம், 130 மில்லிமீட்டர் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டுத் தளர்ந்து ஆடும். திரும்பத் தரையில் பதியும்போது சரியான இடத்தில் உட்காரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

குட்டை ஸ்ட்ரட் இதைத்தான் சரிசெய்கிறது. தூணின் உடம்பையே 50 மில்லிமீட்டர் குறைத்து, உள்ளே 120 மட்டும் நகரும் ஷாக்கைப் போட்டால், மேலே 80, கீழே 40. ரேஸ் மைதானத்தில் பெரிய பள்ளங்கள் இல்லை, எனவே 40 போதும். ஸ்பிரிங்கும் தளராது. கணக்கு மறுபடி நேராகிவிட்டது.

பட்டறையில் நடக்கும் வேலை

சொல்லும்போது சுலபம். செய்வது எப்படி?

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸை விடுவித்து, கீழே சக்கரப் பாகத்தோடு சேர்க்கும் போல்ட்டுகளை எடுத்து, மேலே பாடியோடு சேர்க்கும் நட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரட் முழுசாக வெளியே வரும். ஆனால் நட்ட நடுவில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் அவசரப்பட்டுத் தொடக்கூடாது. அமுக்கி வைத்த ஸ்பிரிங்கை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு இறுக்காமல் அதைக் கழற்றினால், ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும்.

ஆயத்த குட்டை ஸ்ட்ரட் கிடைக்காத காலத்தில் இதற்கு மேல்தான் உண்மையான வேலை. பழைய ஸ்ட்ரட் குழாயை அறுத்து, உள்ளே இருக்கும் வால்வு, ஆயில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குழாயை வேண்டிய நீளத்துக்குக் குறைத்து மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். வெல்டிங் கொஞ்சம் கோணினாலும் தண்டு ஒரு பக்கமாக உரசித் தேயும். பிறகு அதற்குள் தனியாக ஒரு ஷாக் கார்ட்ரிட்ஜை இறக்கி, சூடு வெளியேறுவதற்காகச் சுற்றிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, மேலே மரை போட்ட மூடியால் இறுக்க வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் தட்டையும் மரை போட்டுச் செய்துவிட்டால் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

இவ்வளவு செய்த பிறகும் வேலை முடியவில்லை. கார் இறங்கியதும் கீழ்க் கையின் வெளி முனை மேல்நோக்கிச் சாய்கிறது. இதனால் 'ரோல் சென்டர்' என்ற புள்ளி, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. 50 மில்லிமீட்டர் இறக்கிய கார் சில சமயம் இறக்காத காரைவிட அதிகமாகச் சாய்வதற்கு இதுதான் காரணம். டை ராடின் கோணமும் மாறுவதால் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். எனவே கீழே பால் ஜாயின்ட் பக்கத்தில் ஒரு ஸ்பேசர் வைத்துக் கையின் கோணத்தைச் சரிசெய்து, ஸ்பிரிங்கை விறைப்பாக்கி, கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகுதான் வண்டி ரேஸுக்குத் தயார்.

போட்டி விதிகளும் இதைக் கவனித்தே எழுதப்பட்டன. கடையில் விற்கும் கார்களுக்கான 'குரூப் என்' என்ற சர்வதேசப் பிரிவில், ஷாக் அப்சார்பரை மாற்றலாம், ஆனால் அதன் எண்ணிக்கையும் வகையும் மாட்டும் இடங்களும் மாறக்கூடாது என்பது விதி. மெக்ஃபர்சன் அமைப்பில் ஷாக்கை மாற்ற ஸ்ட்ரட்டையே மாற்ற வேண்டியிருந்தால், புதியதும் அதே இடங்களில் மாட்டக்கூடியதாக, பழையதற்கு ஈடானதாக இருக்க வேண்டும். ஒரு உதிரி பாகத்துக்காகச் சர்வதேச விதிப் புத்தகத்தில் தனியாக ஒரு பத்தி!

கரிவரதனும் கோயம்புத்தூரும்

சோழவரத்தின் காலம் முடிந்தபோது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு ரேஸ் மைதானத்தை அமைத்தது. 1990-ல் திறக்கப்பட்ட அதன் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். ஓடுபாதையின் நேர்க்கோடுகளுக்குப் பதிலாக, அடுத்தடுத்து வளைவுகள் கொண்ட உண்மையான ரேஸ் மைதானம். வளைவுகள் கூடக்கூட சஸ்பென்ஷனின் மதிப்பும் கூடியது. வெறும் இன்ஜின் பலத்தால் அங்கே ஜெயிக்க முடியாது.

இந்தக் காலத்தின் நாயகன் கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன். பணக்காரர் வீட்டுப் பிள்ளை, வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்து ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உள்ளூரிலேயே செய்தார். வெளிநாட்டுக் காரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால் திறமைக்குத்தான் முதலிடம்.

1995-ல் சிறிய ரக விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். ஆனால் ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் திறக்கப்பட்ட ரேஸ் மைதானத்துக்குக் கரிவரதனின் பெயரே வைக்கப்பட்டது. லேத் பட்டறையில் குழாயை அறுத்து ஒட்டிய ஒரு தலைமுறை இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

1991-க்குப் பிறகு கதவுகள் திறந்தன. 1990-களில் ஃபோர்டு திரும்பி வந்தது. மறைமலைநகரில் தொழிற்சாலை கட்டி 1999-ல் ஐகான் காரைக் கொண்டுவந்தது. அதன் முன்பக்கமும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். கொடுத்தவர்கள் கையாலேயே, அரை நூற்றாண்டு தாமதமாக! (2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது வேறு கதை.) இப்போது குட்டை ஸ்ட்ரட் வேண்டுமென்றால் யாரும் குழாயை அறுக்கத் தேவையில்லை. பெட்டியோடு பணம் கட்டி வாங்கலாம்.

மறுபடி அந்த வேகத்தடை

இங்கேதான் கதை மங்கலம்பேட்டைக்குத் திரும்புகிறது. ரேஸ் கார் ஏன் இறக்கப்படுகிறது என்ற காரணம் போய், இறக்கிய கார் ரேஸ் கார் மாதிரி தெரிகிறது என்ற தோற்றம் மட்டும் மிஞ்சிவிட்டது. குட்டை ஸ்ட்ரட் விலை அதிகம், ஸ்பிரிங்கை வெட்டுவது மலிவு. எனவே சாலையில் ஓடும் பல இறக்கிய கார்கள், மேலே போக 30 மட்டும் மிச்சம் வைத்திருக்கும் கார்கள்தான். வேகத்தடையில் உரசுவது கூடப் பரவாயில்லை. உளுந்தூர்பேட்டையில் நான்கு வழிச் சாலை ஏறி, வேகம் பிடித்து, திடீரென்று குறுக்கே வரும் எதையாவது தவிர்க்க ஸ்டீயரிங்கைத் திருப்பும் நொடியில்தான் அந்த வெட்டிய சுற்றின் கணக்கு தீர்க்கப்படும்.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே வருடம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. மூடிய மைதானத்தில், விதிப் புத்தகத்தின்படி, சோதனை செய்த பிறகு ஓடும் ரேஸ் காருக்கு இருக்கும் உரிமை பொதுச் சாலையில் ஓடும் காருக்குக் கிடையாது. அது நியாயமும் கூட. மைதானத்தில் எதிரே டவுன் பஸ் வராது.

மெக்ஃபர்சன் யோசித்தது ஒரு மலிவான குடும்பக் காருக்காக. மேடு பள்ளத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு அலுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக. சாப்மனும், சோழவரத்துக்காரர்களும், கோயம்புத்தூர் பட்டறைகளும் அதை மாற்றியபோது முதலில் கணக்குப் போட்டார்கள், பிறகுதான் குழாயை அறுத்தார்கள். கையில் இருந்த கருவி சாதாரணம், கணக்கு சரியாக இருந்தது. இன்று கருவியும் இருக்கிறது, பாகமும் கடையில் கிடைக்கிறது. அடுத்த முறை ஒரு இறக்கிய கார் வேகத்தடையில் 'கர்ர்ர்' என்று உரசிக்கொண்டு போனால், அதன் உயரத்தைப் பார்க்க வேண்டாம். மேலே போக எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் வைத்திருக்கிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவர் என்றால் அவர் சோழவரத்தின் வாரிசு. தெரியாதவர் என்றால், கொஞ்சம் இடைவெளி விட்டே பின்னால் போவது நல்லது.